டிரான்சிஷன் ரேக்கில் சைக்கிள் சீட் தேயாமல் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) தயாராகிறவர்களோடு சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறவன் நான். போட்டி நெருங்க நெருங்க, டயர், கியர் பற்றிய சந்தேகங்களுக்கு நடுவே சீட் மூக்கை, அதாவது சீட்டின் ஒடுங்கிய முன்பகுதியைப் பற்றிய கேள்விகளும் தவறாமல் வருகின்றன. நல்ல சீட் விலை அதிகம். உடம்புக்குப் பொருந்துகிற சீட் அமைவது அதைவிடச் சிரமம். அப்படி அமைந்த ஒன்றை ஒரு இரும்புப் பைப்புக்குப் பலி கொடுக்கக் கூடாது என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, இதுதான் முதல் போட்டி. டிரான்சிஷன் ரேக்னா என்ன? சைக்கிள் ஸ்டாண்ட் மாதிரியா?

நீச்சலை முடித்துவிட்டுச் சைக்கிளுக்கும், சைக்கிளை முடித்துவிட்டு ஓட்டத்துக்கும் மாறுகிற இடம்தான் டிரான்சிஷன். அங்கே இடுப்புக்குச் சற்று மேலே குறுக்காக நீளப் பைப்புகள் போட்டிருப்பார்கள். கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் பைப் பல இடங்களில் இதற்கும் பயன்படும். பந்தய சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கிடையாது. அதனால் சீட்டின் மூக்கை அந்தப் பைப்பின் மேல் மாட்டித் தொங்கவிட வேண்டும். பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பும், முன்சக்கரம் தரையில் நிற்கும்.

பைப்பில் உங்கள் எண் ஒட்டியிருக்கும். எந்தப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும் என்பதைப் போட்டியின் வழிகாட்டிக் குறிப்பில் சொல்லியிருப்பார்கள். அதை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள்.

அங்க நிக்கிறதே கொஞ்ச நேரம். அதுக்குள்ள சீட் என்ன தேஞ்சிடப் போகுது?

சின்ன போட்டி என்றால் ஓரிரண்டு மணி நேரம்தான். பெரிய போட்டிகளில் முந்தின நாளே சைக்கிளை ஒப்படைக்க வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் பேசுகிற கோவா அயர்ன்மேன் 70.3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். 2019-இல் தொடங்கிய இந்தப் போட்டியில் முந்தின நாள் ஒப்படைத்த சைக்கிள், மறுநாள் காலை நீங்கள் கடலிலிருந்து ஏறி வரும்வரை ரேக்கில்தான் கிடக்கும்.

அந்த ராத்திரி முழுக்கச் சைக்கிள் சும்மா தொங்குவதில்லை. கடற்காற்று சக்கரத்தைத் தள்ளும். விளிம்பு அகலமான சக்கரம் என்றால் இன்னும் அதிகமாகத் தள்ளும். அதே பைப்பில் பக்கத்து ஆட்கள் தங்கள் சைக்கிளை மாட்டி எடுக்கும்போது மொத்த வரிசையும் ஆடும். மணலும் தூசும் பைப்பில் படிந்திருக்கும். துத்தநாகப் பூச்சு சில இடங்களில் முண்டும் முடிச்சுமாக இருக்கும். எல்லாமாகச் சேர்ந்து உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற வேலையைச் செய்யும். சீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஓயாத சின்ன அசைவுதான். சைக்கிளின் எடைக்கு அதில் பங்கு குறைவு.

என் சீட் மூக்கு வெளுத்துப் போயிருக்கு. ரேக்தான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, சீட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மேலுறை மூக்கின் விளிம்பைச் சுற்றி உள்பக்கம் மடிந்து, விரல் நுனி அகலத்துக்குப் பசையால் ஒட்டியிருக்கும். ரேக் தேய்மானம் அங்கேதான் தொடங்கும். குறுக்காக ஒரு சொரசொரப்பான கோடு விழும். அந்தக் கோட்டில் உறை மெலிந்து, மடித்த ஓரம் நகத்தால் தூக்கினால் எழும்பும். இதுதான் ரேக் வைத்த தழும்பு.

மூக்கின் இரண்டு பக்கமும் வழவழவென்று பளபளத்தால் அது தொடை உரசியது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மூக்கு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து ஏறுகிறவர்கள் எல்லாருடைய சீட்டிலும் இது இருக்கும். சீட்டின் பின்பக்க மூலைகளில் கீறல் இருந்தால் டீக்கடைச் சுவரில் சாய்த்து வைத்ததுதான் காரணம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் மூக்கு முழுக்க டேப் சுற்றுகிறார்கள். பாதுகாப்பு தேவைப்படுவது அடிப்பக்க மடிப்புக்கும், அதை ஒட்டிய முன் விளிம்புக்கும் மட்டும்தான்.

அப்போ எதை ஒட்டலாம்? கறுப்பு எலக்ட்ரிக் டேப் போதுமா?

போதாது. எலக்ட்ரிக் டேப் மெல்லியது, இழுத்தால் நீளும், வெயிலில் அதன் பசை இளகும். ஊட்டியில் ஒட்டியபோது கல் மாதிரி நின்றது, கடற்கரை வெயிலில் வழுக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். நகர்ந்த இடத்தில் மணல் ஒட்டிக்கொண்டால் டேப்பே சீட்டைத் தேய்க்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் துணிப் பிளாஸ்டர் ஈரம் குடிக்கும், ஓரம் பிரியும். அதுவும் வேண்டாம்.

என் முதல் சிபாரிசு பழைய டியூப். பங்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ரப்பர் பைப்பை நன்றாகப் பிடிக்கும், அதனால் காற்றில் ஆடுவதும் குறையும். இரண்டாவது, கார், பைக் பெயின்ட்டில் கீறல் விழாமல் ஒட்டுகிறார்களே, அந்தத் தடித்த பாலியுரித்தேன் பிலிம். கண்ணுக்கே தெரியாது, வழவழப்பானது, பல மாதம் தாங்கும். ஆனால் வழுக்கும் என்பதால் ரப்பர் அளவுக்குப் பிடிப்பு இருக்காது. அழகு முக்கியம் என்றால் பிலிம், வேலை முக்கியம் என்றால் ரப்பர்.

தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் என்று ஒன்று உண்டு. சீட்டில் பசை படாது. ஆனால் அது தன்மேல்தான் ஒட்டும் என்பதால் மூக்கைச் சுற்றி முழு வளையமாகப் போட வேண்டியிருக்கும். மேல்பக்கம் ஒரு மேடு உருவாகும். நான்கு மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்து ஓட்டப் போகிறீர்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

டியூபை எப்படி ஒட்டுறதுன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

டியூபை நீளவாக்கில் வெட்டி விரியுங்கள். உள்ளே வெள்ளையாகப் பவுடர் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். பவுடர் இருக்கும்வரை எந்தப் பசையும் பிடிக்காது. இது பாதிப் பேர் விட்டுவிடுகிற படி. சீட்டின் அடிப்பக்கத்தில் ஒரு தாளை வைத்து மூக்கின் வடிவத்தைப் பென்சிலால் வரைந்து, அந்த அளவுக்கு ரப்பரை நறுக்குங்கள். முன் விளிம்பில் மட்டும் அரை விரல் அகலம் மேலே ஏறி வந்தால் போதும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மையான மூலைதான் எப்போதும் முதலில் பிரியும்.

ரப்பரின் உள்பக்கத்தைப் பங்சர் ஒட்டுகிறவர்கள் செய்வது போல உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். சீட்டின் அடியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு குஷன் கடைகளில் ரெக்சினுக்குப் போடும் மஞ்சள் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரமாக ஒட்டினால் நகரும். அதன் மேல் துணியைச் சுற்றி ஒரு இரவு கட்டி வையுங்கள். சொட்டு விட்டால் உடனே பிடிக்கும் சூப்பர் பசை வேண்டாம். அது காய்ந்து கண்ணாடி மாதிரி இறுகும், சீட் வளையும்போது விரிசல் விடும்.

பசையே போட மனமில்லை என்றால், ரப்பரை மூக்கின் அடியில் வைத்து இரண்டு ஓரத்திலும் துளையிட்டு, சீட்டுக்கு அடியில் ஓடும் கம்பிகளோடு மெல்லிய கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டலாம். வாலை ஒட்ட நறுக்கிவிட்டு, வெட்டு முனை உள்பக்கம் பார்க்கும்படி திருப்பி விடுங்கள்.

நம்ம ஊர் குளிர்ல டேப் ஒட்டவே மாட்டேங்குது. நாலு நாள்ல உரிஞ்சு வருது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி உறைபனி விழும். பிலிம், டேப் பசைகள் குளிர்ந்த பரப்பில் இறுகிப்போய்ச் சரியாகப் படியாது. சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மதிய நேரத்தில், ஹேர் டிரையரால் சீட்டின் அடியை வெதுவெதுப்பாக்கி, பிலிமையும் சூடாக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். கை சுடாத சூடு போதும். அதற்கு மேல் போனால் பழைய பசையே இளகி மேலுறை கழன்றுவிடும்.

ஒட்டிய பிறகு மூன்று நாள் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். முழுப் பிடிப்பும் வர அவ்வளவு நேரம் ஆகும். போட்டிக்குக் கிளம்புகிற ராத்திரி ஒட்டுவது வீண் வேலை.

குன்னூர், கோத்தகிரியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்கிற அக்டோபர், நவம்பரில்தான் கோவா போட்டியும் வருகிற வழக்கம். சுவரெல்லாம் ஈரம் கசியும் நாளில் சீட் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடி மடிப்பில் ஈரம் இருக்கும். ஒரு நாள் அடுப்படியில் வைத்து உலர்த்திவிட்டு ஒட்டுங்கள்.

பழைய டேப்பை உரிச்சா பிசுபிசுன்னு பசை. மண்ணெண்ணெய் போடலாமா?

வேண்டாம். மண்ணெண்ணெய், தின்னர் இரண்டும் மேலுறையையும் அடியில் இருக்கும் ஒட்டுப் பசையையும் கெடுக்கும். நம் ஊர் யூகலிப்டஸ் தைலமே இதற்கு நல்ல மருந்து. துணியில் இரண்டு சொட்டு விட்டு, பிசுக்கின் மேல் ஒற்றி, சற்றுப் பொறுத்து உருட்டித் தேய்த்தால் பசை திரண்டு வந்துவிடும். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் தொட்டுப் பாருங்கள். நிறம் போனாலோ உறை மெத்தென்று ஆனாலோ நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் துடைக்க மறக்காதீர்கள். தைலம் தங்கியிருந்தால் அடுத்த டேப் ஒட்டாது.

ரேக் பைப்புலயே ஒரு துணியைச் சுத்தி வெச்சுட்டா?

ரேக் எல்லாருக்கும் பொது. உங்கள் இடத்தை அடையாளம் காட்டும்படி பைப்பில் துணி, ரிப்பன், பலூன் எதையும் கட்டுவதைப் பல போட்டிகளின் விதிகள் தடுக்கின்றன. கட்டினால் கழற்றிவிடுவார்கள், சில இடங்களில் அபராத நேரமும் சேரும். பாதுகாப்பு சைக்கிளோடு இருக்கட்டும். ஆனால் மாட்டும் முன் பைப்பைக் கைத்துண்டால் ஒருமுறை துடைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. பைப் இணைப்பின் நட்டு, போல்ட் உங்கள் எண்ணுக்கு அருகில் இருந்தால் சீட்டை நான்கு விரல் தள்ளி மாட்டுங்கள்.

கடையில ஜெல் சீட் கவர் விக்கிறாங்களே, அதைப் போட்டுட்டா போச்சு?

போடாதீர்கள். ரேக்கில் மாட்டினால் அது முன்னால் இழுபட்டுக் கழன்று வரும், ஓட்டும்போது சீட்டின் மேல் நகர்ந்து தொடையை அறுக்கும்.

அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, டேப் ஒட்டினதால தொடை உரிஞ்சு போச்சுன்னு. நிஜமா?

நிஜம்தான். நீச்சல் முடிந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி உட்காருகிறீர்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் போடுகிற டிரை சூட்டில் பேடும் மெல்லியது. மூக்கின் பக்கவாட்டில் டேப்பின் ஓரம் முடி அளவு எழும்பி நின்றாலும், 90 கிலோமீட்டருக்குள் தொடையின் உள்பக்கம் ரத்தம் கண்டுவிடும். டியூப் வெட்டும்போது பக்கவாட்டில் ஏறாமல் முன் விளிம்போடு நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

ஒட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைச் சுற்றித் தடவுங்கள். எங்காவது ஓரம் தட்டுப்பட்டால் அதைக் கீழே இறக்கி வெட்டுங்கள். பிறகு மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளியில் சைக்கிளில் நீளமான ஒரு பயிற்சி போய்ப் பாருங்கள். மலை ஏற்றத்தில் அடிக்கடி எழுந்து நின்று மிதிப்பதால் இந்த உரசல் தெரியாது. சமவெளியில் ஒரே நிலையில் குனிந்து ஓட்டும்போதுதான் தெரியும்.

ரேக்ல இருந்து எடுக்கும்போது சீட் பைப்புல மாட்டி இழுக்குது. எப்படி எடுக்கிறது?

பதற்றத்தில் நேராக முன்னால் இழுப்பதால் வருவது இது. ஒரு ராத்திரி தொங்கியதைவிட, அப்படி ஒரே இழுப்பில் அதிகம் கிழியும். முதலில் ஹெல்மெட் போட்டுப் பட்டையை மாட்டுங்கள். பட்டை மாட்டாமல் சைக்கிளை ரேக்கிலிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி. பிறகு ஒரு கையால் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கி, மூக்கு பைப்பை விட்டு முழுதாக விலகியதும் சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்த்து, சீட்டைப் பைப்புக்கு அடியில் கொண்டுவாருங்கள். தூக்கு, சாய், தள்ளு என்ற வரிசை கைக்குப் பழகினால் சில நொடிதான்.

சீட்டுக்குப் பின்னால் பாட்டில் மாட்டுகிறவர்களுக்கு அது பைப்பில் இடிக்கும். அவர்கள் இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டும். ஓட்டி முடித்துத் திரும்பி வந்து வைக்கும்போது, பிரேக் லீவர்களைப் பைப்பில் மாட்டியும் நிறுத்தலாம். பெரும்பாலான போட்டிகளில் இது ஏற்கப்படும். கால் நடுங்கும் அந்த நேரத்தில் சீட்டைத் தூக்கி மாட்டுவதைவிட இதுதான் எளிது, சீட்டுக்கும் நல்லது.

நான் உயரம் கம்மி. என் சீட் பைப்பை எட்டவே இல்ல, சைக்கிள் அந்தரத்துல ஆடுது.

பைப் உங்கள் சீட்டைவிட உயரமாக இருந்தால் பின்சக்கரம் அதிகமாக எழும்பி, மூக்கின் நுனியில் மட்டும் எடை நிற்கும். காற்றுக்கு ஊஞ்சலாக ஆடும். தேய்மானமும் அதிகம், விழும் வாய்ப்பும் அதிகம். அங்கே இருக்கும் அதிகாரியிடம் காட்டி, பிரேக் லீவரில் மாட்ட அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டால் வரிசையில் பைப் தாழ்வாக இருக்கும் இடம் தரச் சொல்லுங்கள். முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். காலை இருட்டில், எல்லாரும் பரபரக்கும்போது கேட்டால் நடக்காது.

என் சீட்டுக்கு மூக்கே இல்ல, முன்னாடி ரெண்டா பிரிஞ்சிருக்கு. அதை எப்படி மாட்டுறது?

ஐ.எஸ்.எம். கம்பெனி செய்வது மாதிரியான பிளவு மூக்குச் சீட்டுகள் பலவற்றில், பின்பக்கத்துக்கு அடியில் ரேக்குக்கென்றே ஒரு கொக்கி வைத்திருப்பார்கள். பைப் அந்தக் கொக்கியில் உட்கார வேண்டும், இரண்டு நுனிகளில் அல்ல. கொக்கியின் வளைவுக்குள் மேலே சொன்ன ரப்பரில் ஒரு சின்னத் துண்டு ஒட்டினால் சத்தமும் ஆட்டமும் குறையும். உங்கள் மாடலில் கொக்கி இல்லையென்றால் இரண்டு நுனிக்கும் தனித்தனியாக ரப்பர் ஒட்டுங்கள். நடுப் பிளவை மூடிவிடாதீர்கள், அந்த இடைவெளிக்காகத்தானே அந்தச் சீட்டை வாங்கினீர்கள்.

தோல் சீட் வெச்சிருக்கேன். அதுக்கும் இதே வழிதானா?

இல்லை. இழுத்துக் கட்டிய தோல் சீட்டில் பசையும் டேப்பும் வேண்டவே வேண்டாம். உரிக்கும்போது தோலின் மேல்பரப்பும் சேர்ந்து வரும். துளையிட்ட ரப்பரைக் கேபிள் டையால் கம்பியில் கட்டும் முறைதான் இதற்குச் சரி. பனியில் நனைந்த தோல் சீக்கிரம் தொய்ந்து போகும் என்பதால் ராத்திரி முழுக்க ரேக்கில் தொங்கும் போட்டிக்கு அதைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

முந்தின நாள் வெச்ச சைக்கிள் மழையில நனையாம சீட்டுக்குப் பிளாஸ்டிக் கவர் கட்டலாமா?

சைக்கிள் முழுவதையும் மூடும் உறையைப் பல இடங்களில் விடுவதில்லை. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் மட்டும் மூட அனுமதி உண்டா என்று குறிப்பில் பாருங்கள். அனுமதி இருந்தால், மூக்கு பைப்பில் உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் வராதபடி கட்டுங்கள். இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவே பிளாஸ்டிக் வந்தால் வழுக்கும், ரப்பர் ஒட்டியதே வீணாகும். சீட்டை மூக்கிலிருந்து நான்கு விரல் விட்டுப் பின்பக்கம் மூடினால் போதும். காலையில் வந்ததும் கழற்றி, துண்டால் ஒற்றிவிடுங்கள்.

ரேக்ல தொங்கினதுல சீட் மூக்கு மேல தூக்கிக்கிச்சு. பைப் பண்ண வேலையா?

ரேக்கில் தொங்கும்போது மூக்கைப் பைப் மேல்நோக்கித் தள்ளும் என்பது உண்மை. ஆனால் அந்த விசை சைக்கிள் எடையில் ஒரு பங்குதான். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உங்கள் உடம்பு சீட்டுக்குக் கொடுக்கும் அடியோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அதற்கே சீட் அசைந்தது என்றால் சீட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட் முன்பே தளர்ந்திருக்கிறது. கிளாம்பில் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கார்பன் கம்பி உள்ள சீட் என்றால் கை அளவில் இறுக்குவது ஆபத்து. மாட்டும்போது கம்பி பைப்பில் உட்காராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கார்பன் நார்களில் விழும் ஒரு கீறல் பிற்பாடு முறிவில் போய் முடியலாம்.

வீட்ல இடம் இல்லாம ஷெட்ல ஜி.ஐ. பைப்புல இதே மாதிரி மாட்டி வெச்சிருக்கேன். பரவாயில்லையா?

கேள்வி கேட்பவர்களின் சீட் பாதிக்கு மேல் தேய்ந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். போட்டி வருஷத்தில் ஓரிரண்டு முறை, வீட்டுப் பைப்போ தினமும். இங்கே விதி எதுவும் தடுக்காது. பைப்பிலேயே டியூபைச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பஞ்சு உறையை மாட்டுங்கள். இன்னும் நல்லது, சக்கரத்தில் மாட்டும் கொக்கிக்கு மாறிவிடுவது.

ஷெட்டில் வெயில் நேராக விழுகிறதா என்றும் பாருங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிராக இருப்பதால் நமக்கு வெயில் உறைக்காது, மேலுறைக்கு உறைக்கும். வெயிலில் காய்ந்து விறைத்த உறை, ரேக்கில் மாட்டிய முதல் ராத்திரியே வெடிக்கும்.

எனக்கு ஏற்கெனவே மடிப்பு பிரிஞ்சு நுரை தெரியுது. சீட்டைத் தூக்கிப் போட்டுடறதா?

பிரிந்தது மடிப்பு மட்டும் என்றால் காப்பாற்றலாம். உள்ளே இருக்கும் மணலைப் பல் தேய்க்கும் பிரஷால் எடுத்து, உலர்த்தி, அதே மஞ்சள் பசையால் ஒட்டி, அதன் மேல் டியூப் ரப்பர் போட்டுவிடுங்கள். உறை குறுக்கே கிழிந்திருந்தால் பழைய கார் சீட் தைக்கும் குஷன் கடையில் புதிய உறை போடச் சொல்லலாம். தடித்த ரெக்சின் வேண்டாம், மெல்லியதாக நீளும் துணி வகை கேளுங்கள், மூக்கில் தையல் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நுரை ஈரம் குடித்து நசநசவென்று இருந்தாலோ, அடித்தகட்டில், குறிப்பாகக் கம்பி மூக்குக்குள் நுழையும் இடத்தில் விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். சீகூர் பக்கம் இறங்கும் வளைவில் அது முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச் சீட்டை வாங்கும்போது அதே மாடல், அதே அகலம் வாங்குங்கள். பழையதைக் கழற்றும் முன், பெடல் கைகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை உள்ள உயரத்தையும், மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரத்தையும் டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.